ரெண்டு தட்டு

அதுல சொருகாதீங்க தம்பி, அந்த பிளக் செத்துப்போய் ரெண்டு வருசம் ஆச்சு. பக்கத்துல இருக்கறதும் வேண்டாம். அது வேலை செய்யும், ஆனா அதுல சொருகுனா ஏசி நின்னுடும். ஜன்னலுக்குக் கீழ ஒண்ணு இருக்கு பாருங்க, திரைக்குப் பின்னாடி. அதான். இந்தக் கட்டடத்துலயே சொன்ன பேச்சு கேக்கறது அது ஒண்ணுதான்.

உக்காருங்க. மீட்டிங் பதினோரு மணிக்கு. இப்ப பத்தேகால்தான் ஆகுது. அவங்க பதினொண்ணேகாலுக்கு வருவாங்க, வந்து, "என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா"ன்னு உங்களையே கேப்பாங்க. நான் யாரா? நான் ஆவணப் பிரிவு. போன வாரம் எங்க கம்ப்யூட்டர்ல இருக்கற மேனுவல் எல்லாத்தையும் அப்படியே கட்டி உங்களுக்கு அனுப்பி வெச்சது நான்தான். மெஷின் வாங்குனா கூட ஒரு புத்தகம் வருமே, கவரைப் பிரிச்ச கையோட தூக்கிப் போடுவீங்களே, அந்தப் புத்தகத்த எழுதறது நாங்க. நானும் இன்னும் நாலு பேரும். இருபத்திரெண்டு வருசமா எழுதறேன். ஆஸ்பத்திரி, ஹோட்டல் இங்கெல்லாம் துணி துவைக்கற பெரிய மெஷின் இருக்கில்ல, ஆள் உயரத்துக்கு, வட்டக் கதவு வெச்சு... அதுதான் நம்ம கம்பெனி செய்யறது. அந்தக் கதவை எப்படித் தொறக்கணும், எப்படி மூடணும்னு மட்டும் நான் நாப்பது விதமா எழுதியிருக்கேன். படிச்சவங்க யாராவது உண்டான்னு கேக்காதீங்க.

இப்ப நீங்க காட்டப்போற சிஸ்டம், அந்த மேனுவல் எழுதற சாஃப்ட்வேர், எங்களுக்குத்தான். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதோட மல்லுக்கட்டப்போறது நாங்க அஞ்சு பேரு. ஆனா எதை எடுக்கறதுன்னு சொல்லப்போறது வேற நாலு பேரு. கால் எங்களுது, செருப்புக்கு அளவு குடுக்கறது அவங்க.

யார் யாருன்னு சொல்லிடறேன், உங்களுக்கு உதவும். கொள்முதல்காரர் ஒருத்தர், அவருக்கு நாங்க வெச்சிருக்கற பேரு 'மூணு கொட்டேஷன்'. வீட்டுக்கு எலிப்பொறி வாங்கணும்னாலும் மூணு கடையில எழுதி வாங்கிட்டுத்தான் எலியப் பத்தி யோசிப்பாரு. அப்புறம் டிசைன் இன்ஜினியர், 'அரை மில்லி'. கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க, எவ்வளவுன்னு கேப்பாரு. கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவருக்குப் பேரு வைக்கல. அவர் இருக்கறதே யாருக்கும் ஞாபகம் வராது, ஏதாவது நின்னுபோனாத்தான் வரும். நாலாவது ஆளு பாதுகாப்பு அதிகாரி. 'விசில்'. கழுத்துல எப்பவும் ஒரு விசில் தொங்கும். இத்தனை வருசத்துல ஒரு தடவகூட ஊதிப் பாத்ததில்ல. அவரப் பத்தி அப்புறம் சொல்றேன். அவரப் பத்தி நெறைய இருக்கு.

நாலு வருசத்துக்கு முன்னாடி இப்ப இருக்கற சிஸ்டத்த எடுத்ததும் இதே நாலு பேரு, இதே ரூமு, இதே நாற்காலி. அன்னிக்கு ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணாங்க பாருங்க... நூத்தி நாப்பது கேள்வி. அரை மில்லி கேட்டாரு, "படம் சேத்து வைக்க முடியுமா?" முடியும்னு டிக். இன்னிக்கும் சேத்துத்தான் வெச்சிருக்கு, திருப்பித்தான் தரமாட்டேங்குது. விசில் கேட்டாரு, "எச்சரிக்கையெல்லாம் சிவப்பு எழுத்துல வருமா?" அதுக்கொரு டிக். மூணு கொட்டேஷன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "இதே மாதிரி இன்னும் ரெண்டு உண்டா?" இதுல உக்காந்து எழுதறதுக்கு வசதியா இருக்குமான்னு ஒரு கேள்வி... நூத்தி நாப்பதுல ஒண்ணு... ம்ஹூம்.

தேடற வசதின்னு ஒண்ணு இருக்கு. 'கதவு'ன்னு அடிச்சா தொள்ளாயிரத்துச் சொச்சம் வரும். முதல்ல வர்றது கேன்டீன் கதவை மூடி வைக்கவும்ங்கற நோட்டீஸ். அது எப்படி உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியாது. இன்னொண்ணு கேளுங்க. யாராவது ஒரு பக்கத்த எடுத்துத் திருத்த ஆரம்பிச்சா அது அவங்க பேர்ல பூட்டிக்கும். மத்தவங்க பாக்கலாம், தொட முடியாது. நல்ல விசயம்தான். எங்ககூட ஒரு பொண்ணு, தண்ணி வெளியேத்தற குழாய்ப் பக்கத்த எடுத்து வெச்சிருந்தப்பவே வலி வந்து ஆஸ்பத்திரி போயிடுச்சு. பக்கம் பூட்டிக்கிச்சு. அதைத் தொறக்க கம்ப்யூட்டர் பிரிவுக்கு லெட்டர் குடுத்தோம். குழந்தை பொறந்து, கவுந்து, தவழ்ந்து, இப்ப நடக்குது. பக்கம் இன்னும் பூட்டுனபடியேதான் இருக்கு.

சிரிக்கறீங்க. சிரிங்க சிரிங்க.

இந்தத் தடவ கொஞ்சம் புத்தி வந்திருக்கு. எழுதறவங்க அபிப்பிராயத்துக்குன்னு தனியா பத்து மார்க் வெச்சிருக்காங்க. அத நான்தான் போடணும். நேத்து ஒருத்தர் வந்து அவரோட சிஸ்டத்தக் காட்டிட்டுப் போனாரு. மத்ததுல நீங்களும் அவரும் கிட்டத்தட்ட சமம்னு கேள்வி. அதனால இந்தப் பத்துதான் இப்ப முடிவு பண்ணப்போகுது. அவருக்கு எட்டு போட்டிருக்கேன். பென்சில்லதான். உங்களுக்கு இன்னும் போடல.

சங்கடப்படாதீங்க, நான் ஒண்ணும் கேக்கல. சின்ன விசயம்தான். நீங்க முன்னாடியே அனுப்பி வெச்சிருந்த ஸ்லைடெல்லாம் பாத்தேன். அழகா இருக்கு. அந்த எட்டாவது ஸ்லைடு இருக்கில்ல, 'வரியின் வரலாறு'ன்னு... எந்த வரிய யார் எழுதுனாங்க, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் யார் சரின்னு ஒப்புதல் குடுத்தாங்க, பழைய சிஸ்டத்துலேர்ந்தே தோண்டி எடுத்துக் காட்டும்னு போட்டிருக்கீங்களே. அத விட்டுடுங்க. நேரமும் பத்தாது. ஏழு முடிச்சு நேரா ஒம்பதுக்குப் போயிடுங்க. யாரும் எண்ண மாட்டாங்க. அரை மில்லி எண்ணுவாரு, அவர நான் பாத்துக்கறேன்.

ஏன்னு கேக்கறீங்களா... என்னன்னு சொல்றது...

நேத்து வந்தவரு நல்லா சொன்னாரு. "பழசெல்லாம் எதுக்கு மேடம், கழுவித் தொடச்சுட்டு சுத்தமா ஆரம்பிக்கலாம்"னாரு. எனக்கு அது புடிச்சிருந்தது. நாம விக்கறதே துவைக்கற மெஷின்தான?

சரி, சொல்றேன். உங்களுக்குத் தெரியாததில்ல, உங்க சிஸ்டத்துலயும் இது உண்டு. பல புத்தகத்துல திரும்பத் திரும்ப வர்ற வரிய ஒரே ஒரு தடவ எழுதித் தனியா வெச்சுடுவோம். எந்தெந்தப் புத்தகத்துக்கு வேணுமோ அங்கெல்லாம் அதுவே போய் உக்காந்துக்கும். நாங்க அதுக்குத் 'துண்டு'ன்னு சொல்லுவோம். ஒரு துண்டுல ஒரு எழுத்தை மாத்துனா முந்நூறு புத்தகத்துல மாறிடும். கத்தி மாதிரி அது. கை சுத்தமா இருக்கறவங்க புடிக்கணும்.

நாலு வருசத்துக்கு முன்னாடி, அந்தக் கேள்வித்தாள் மீட்டிங் அன்னிக்கு, மூணு மணி நேரம் இவங்க பேசுனாங்க. கடைசியில அந்த சிஸ்டம் விக்க வந்தவரு, "யாராவது வந்து ஒரு துண்டுல ஏதாவது டைப் அடிச்சுப் பாருங்க, எல்லாப் புத்தகத்துலயும் வரும்"னாரு. நாலு பேருக்கும் டைப் அடிக்கத் தெரியல. இல்ல, தெரியும், அடிச்சா மரியாதை கொறஞ்சுடும்னு நெனச்சாங்க. சுவரோரமா ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க. மூணு மணி நேரமா ஒரு வார்த்தை அவங்கள யாரும் கேக்கல. "அவங்க அடிப்பாங்க, டைப் அடிக்கறதுதான அவங்க வேலை"ன்னு விசில் சொன்னாரு. அவங்க எழுந்து போயி அடிச்சாங்க.

யாரோ ஒருத்தங்க. பேரெல்லாம் எதுக்கு...

என்ன அடிச்சாங்கன்னா, "இயந்திரத்தின் கதவைத் திறக்கும் முன் இரண்டு முறை தட்டவும். உள்ளிருந்து பதில் வந்தால் திறக்க வேண்டாம்."

அவ்வளவுதான். ரெண்டு வரி. அந்த நாலு பேர்ல ஒருத்தராவது ஸ்க்ரீனப் பாத்து, என்னம்மா இதுன்னு கேப்பாங்கன்னு நெனச்சு அடிச்சது. யாரும் படிக்கல. "ஆஹா, எல்லாப் புத்தகத்துலயும் வந்துடுச்சு"ன்னு கை தட்டுனாங்க. சோதனைக்குப் போட்ட காப்பிதான, அழிச்சுடுவாங்கன்னு இவங்களும் வந்து உக்காந்துட்டாங்க. கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் என்ன பண்ணாருன்னா, அந்த சோதனைக் காப்பியவே அப்படியே நிஜம்னு ஓட விட்டுட்டாரு. ருசி பாத்த கரண்டியோட பந்தி பரிமாறுன மாதிரி.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அஞ்சு பேரு ஒப்புதல் குடுக்கணும். இந்த நாலு பேரு, அஞ்சாவது நான். அஞ்சு பேரும் டிக். படிக்காமலா? தம்பி, நீங்க என்னிக்காவது, 'விதிமுறைகளை ஏற்கிறேன்'ல டிக் போடறதுக்கு முன்னாடி விதிமுறையப் படிச்சிருக்கீங்களா? அப்புறம்?

ஆறு மாசம் கழிச்சு என் நாத்தனார் மூலமாத்தான் தெரிஞ்சுது. அவ ஒரு ஆஸ்பத்திரி லாண்டரியில மேற்பார்வை. வீட்டுக்கு வந்திருந்தா. துணி காயப்போட்டுக்கிட்டே, "அண்ணி, உங்க மெஷின் ரொம்ப ஜாக்கிரதையான மெஷின். தொறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு தட்டச் சொல்லி எங்க புள்ளைங்களுக்குப் பழக்கிட்டேன், தட்டாதவங்களுக்கு அன்னிக்கு மெமோ"ங்கறா. எனக்குக் கையில இருந்த கிளிப்பு விழுந்துடுச்சு. உள்ள ஓடிப் போயி, வீட்ல இருந்த புது மேனுவலப் பிரிச்சுப் பாக்கறேன். பதினோராம் பக்கம். செவப்பு எழுத்துல. விசில் கேட்டு வாங்குன செவப்பு.

அன்னிக்கே சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருக்கணும். ஆனா பாதுகாப்புப் பக்கத்துல வெளையாட்டா எதையாவது எழுதுனா வேலை போயிடும். அந்த விதி எனக்கு நல்லாவே தெரியும், விதிப் புத்தகத்துல அத எழுதுனதே நான்தான். அடுத்த பதிப்புல சத்தமில்லாம எடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அந்தப் பூனை வந்துடுச்சு.

பூனைதான். ஒரு ஹோட்டல் லாண்டரி. ராத்திரி கதவை ஒழுங்கா சாத்தாம போயிட்டாங்க, டிரம்மு கதகதப்பா இருந்திருக்கு, குட்டிப்பூனை உள்ள போய்ப் படுத்துக்கிச்சு. காலையில வந்த ஆளு ரெண்டு தட்டு தட்டியிருக்காரு. உள்ளேர்ந்து பதில் வந்துடுச்சு. அவருக்கு உயிரே போச்சு. பதில் வந்தா தொறக்க வேண்டாம்னு போட்டிருக்கா, தொறக்கல. நம்ம சர்வீஸ் பிரிவுக்கு போன் பண்ணி, "பதில் வந்துடுச்சு, இப்ப என்ன பண்ணணும், அடுத்த வரி எங்க புத்தகத்துல இல்ல"ங்கறாரு. இத்தனை வருசத்துல என் புத்தகத்த முழுசாப் படிச்சுட்டு ஒருத்தர் சந்தேகம் கேட்டது அன்னிக்குத்தான். தொறங்கன்னு சொல்லியிருக்காங்க. பூனை வெளிய வந்து சோம்பல் முறிச்சுட்டுப் போயிடுச்சு. தட்டாம இருந்திருந்தா அவரு துணிய அள்ளிப் போட்டு பட்டனை அமுக்கியிருப்பாரு.

அந்த ஹோட்டல்லேர்ந்து லெட்டர் வந்துது. பூனை படத்தோட. அத எல்லார் முன்னாடியும் வாசிச்சது யாருங்கறீங்க? விசில். வாசிச்சு முடிச்சுட்டு, "இது எங்க பிரிவு வருசக்கணக்கா யோசிச்சு வெச்ச விதி"ன்னாரு. ஒரு ஷீல்டு குடுத்தாங்க. அந்த ஆளு ரூம்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. பூனைய பொறிச்சிருக்காங்க அதுல. நான் தெனமும் அந்த வழியாத்தான் கேன்டீன் போகணும்.

அதோட விட்டாரா? தட்டறதுக்குப் பயிற்சி வகுப்பு, மூணு மணி நேரம். நடுவிரல் முட்டியால தட்டணுமாம், உள்ளங்கையால தட்டுனா சத்தம் பரவாதாம். மெஷினுக்கு ஸ்டிக்கர். காது மந்தமானவங்க தட்ட ரப்பர் சுத்தியல் வேணும்னு ஒரு குறிப்பு எழுதுனாரு, மூணு கொட்டேஷன் வாங்கியாச்சு. இப்ப அவருக்கே பழக்கமாயிடுச்சு, எந்தக் கதவா இருந்தாலும் ரெண்டு தட்டு தட்டிட்டு, காதை வெச்சுக் கேட்டுட்டுத்தான் உள்ள வர்றாரு. என் வீட்டுக்காரரு மட்டும் குறைச்சலா? நாத்தனார் சொன்னாள்னு குளியலறைக் கதவை ரெண்டு தட்டு தட்டிட்டு, "பதில் வருது, நான் தொறக்கல"ன்னு சிரிக்கறாரு. அவருக்கும் விசயம் தெரியாது. இந்த நாலு வருசத்துல யார்கிட்டயும் சொல்லல நான்.

சரி, அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். நமக்கு வேலை இருந்தா போதும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஆனா போன திங்கக்கெழம அந்த ஆளு என் மேசைக்கு வந்து ஒரு தாள நீட்டறாரு. திருத்தமாம். படிக்கறேன் கேளுங்க, பையிலயேதான் வெச்சிருக்கேன். "இயந்திரத்தின் கதவினைத் திறக்க உத்தேசிக்கும் பட்சத்தில் குறைந்தபட்சம் மூன்று முறை தட்டுதல் மேற்கொள்ளப்பட வேண்டும். உட்புறத்திலிருந்து ஏதேனும் எதிர்வினை கிடைக்கப்பெறும் பட்சத்தில் உரிய அலுவலரை அணுகி ஆலோசனை பெறுதல் நலம்."

கேட்டீங்களா? ரெண்டு பட்சம். தட்டுதல் மேற்கொள்ளப்படணுமாம். முதல்ல இருக்கற வரிய எப்படி எழுதியிருக்குன்னு பாருங்க தம்பி, தட்டவும்னு சொன்னா கை தானாப் போகணும். எதுக்கு ரெண்டு தடவ? ஒரு தட்டுன்னா தெரியாம பட்டுதுன்னு நெனச்சுக்கலாம். மூணுன்னா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். ரெண்டுதான் மனுசன் தட்டறது. அப்புறம் அந்த 'பதில்'. சத்தம்னு போட்டிருக்கலாம், அசைவுன்னு போட்டிருக்கலாம். பதில்னு போட்டாத்தான் தட்டுனவரு ஒரு நிமிசம் நின்னு காது குடுப்பாரு. அந்த நிமிசத்துலதான் பூனை கத்துச்சு. இருபத்திரெண்டு வருசத்துல நான் எழுதுன ஒரே நல்ல வரி அது, அதப் போயி...

...

ஆமா. நான்தான்.

மூணு மணி நேரமா சுவரோரம் உக்காந்திருந்தது நான்தான். நீங்க அப்பவே கண்டுபுடிச்சுட்டீங்க, தெரியும். கன்னத்துல தெரிஞ்சுது, சிரிப்ப அடக்கிக்கிட்டே இருந்தீங்க. விசில் மேல இவ்வளவு நேரம் பொரிஞ்சேன். வெச்சது நான். டிக் போட்டதும் நான். மூடி மறைச்சதும் நான். அவரு பாவம், அனாதையா கெடந்த வரிய எடுத்து வளத்தாரு, அவ்வளவுதான். ஆனா இப்ப புரியுதா எட்டாவது ஸ்லைடு ஏன் வேண்டாங்கறேன்னு? உங்க சிஸ்டம் வந்தா என் பேரு வந்துடும், வேலை போயிடும். நேத்து வந்தவரோடது வந்தா பழசெல்லாம் அழிஞ்சுடும், ஆனா ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல அந்த வரிக்கு எதிர அவரு பேரப் போடச் சொல்லி விசில் நேத்தே குறிச்சுக் குடுத்துட்டாரு. உரிமையாளர் திருத்திக்கலாம். திருத்துனா மூணு தட்டு, ரெண்டு பட்சம். எனக்கு வேலை இருக்கும், என் வரி இருக்காது.

வேலைதான் முக்கியம். எட்டு மார்க் போட்டிருக்கேன் அவருக்கு. போட்டது போட்டதுதான்.

என்ன தேடறீங்க? இல்ல, காட்ட வேண்டாம், நானே அனுப்புன டேட்டாதான, எனக்குத் தெரியாதா... சரி, திருப்புங்க. கண்ணாடியப் போட்டுக்கறேன்.

ஆமா, என் பேருதான். மதியம் மூணு நாப்பத்திரெண்டு. அட, அந்த நிமிசம்கூட இருக்கா?

இது என்ன கீழ? ஒப்புதல் குடுத்தவங்க... பக்கத்துல அந்த எண்ணு? எவ்வளவு நேரம் பக்கத்தத் தொறந்து வெச்சிருந்தாங்கங்கறதா? பழைய சிஸ்டம் இதக்கூட எழுதி வெச்சிருக்கா? நூத்தி நாப்பது கேள்வியில இத யாரும் கேக்கலையே. இருங்க, படிக்கறேன். மூணு கொட்டேஷன், ரெண்டு செகண்டு. அரை மில்லி, ரெண்டு செகண்டு, அவருக்கு மட்டும் புள்ளி வெச்சு ரெண்டு புள்ளி நாலு. கம்ப்யூட்டர்காரரு, தொறக்கவே இல்ல, ஆனா டிக் இருக்கு. அது எப்படின்னு அவரத்தான் கேக்கணும். விசில்... வருசக்கணக்கா யோசிச்சாராமே... ஒரு செகண்டு. நான் மூணு செகண்டு. பாத்தீங்களா, இருக்கறதுலயே நான்தான் அதிகமாப் படிச்சிருக்கேன்.

என்னைத் தூக்கணும்னா படிக்காம டிக் போட்ட அஞ்சு பேரையும் தூக்கணும். தூக்கறதுக்கு யார் கையெழுத்துப் போடணும்? இதே நாலு பேரு.

தம்பி, அந்தப் பென்சில எடுங்க. இல்ல, அதோ ரப்பர் வெச்சது.

இந்த ஸ்லைடு எட்டாவதாவா வருது? முதல்ல கொண்டு வர முடியுமா? கொண்டு வாங்க. அப்புறம் இந்த எழுத்து... அந்தக் கடைசி நாற்காலியிலேர்ந்து பாத்தா தெரியாது, விசில் எப்பவும் அங்கதான் உக்காருவாரு. கொஞ்சம் பெருசாக்குங்க. இன்னும் கொஞ்சம். என் பேரும், அந்த ரெண்டு வரியும், அவரோட அந்த ஒரு செகண்டும். மத்தது சின்னதாவே இருக்கட்டும், அவங்களும் மனுசங்கதான. எவ்வளவு நேரமாகும், ஒரு நிமிசமா?

இருங்க. கேட்டுதா?

கதவுதான். ரெண்டு தட்டு. பத்தேமுக்காலுக்கே வந்துட்டாரு, ஷீல்டு வாங்குன நாள் தவிர என்னிக்கும் சீக்கிரம் வந்ததில்ல. காதை வெச்சுக் கேட்டுக்கிட்டு நிப்பாரு இப்ப. நீங்க நிறுத்தாதீங்க, கை வேலைய பாக்கட்டும். ஆனா தம்பி, இவ்வளவு நேரம் நானே பேசிட்டேன், உங்கள ஒரு வார்த்தை பேச விடல. இப்ப கொஞ்சம் சத்தமா ஏதாவது பேசுங்க. உள்ளேர்ந்து பதில் வந்தா அவரு தொறக்க மாட்டாரு.